கைப்பட்டிக்காரனுக்குப் பிறகு என்ன நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே முன் அறையில் ரயில் சத்தம் தொடங்கிவிடும். மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உண்மையான ரயிலும் ஓடுகிறது என்பதால் முதலில் எது எதுவென்று தெரியாது. பிறகு நாய் குரைக்கும், யாரோ ஜெர்மன் மொழியில் கத்துவான், அதற்குப் பின்னால் வயலின் அழத் தொடங்கும். அண்ணன் இந்த வாரத்துப் படத்தைப் போட்டுவிட்டார் என்று அப்போது தெரிந்துவிடும்.

அண்ணன் என்னைவிடக் கன வயது மூத்தவர். லண்டனில் அவருடைய பாதி ஆயுள் பெட்ரோல் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் போனது. அண்ணி இறந்த பிறகு அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஒப்பரேஷன் செய்தார்கள். கொஞ்ச நாள் ஆறுதலாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இடுப்பு சுகமாகிவிட்டது, அண்ணன் போகவில்லை. நானும் கேட்கவில்லை. என் கணவர் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் செய்பவர், வீட்டில் நின்றால் நித்திரை கொள்பவர். ஆகவே இந்தக் கதையில் அவரைத் தேடாதீர்கள்.

உலகத்தில் எத்தனையோ படங்கள் இருக்கின்றன. அண்ணன் பார்ப்பது ஹிட்லர் காலத்து முகாம் படங்கள் மட்டும். சண்டைப் படமென்றால் வேண்டாம், தமிழ்ப் படமென்றால் பாட்டு வரும்போதே எழும்பிப் போய்விடுவார். என் மகள் கட்டிக்கொடுத்த சந்தாவில் தொலைக்காட்சியே இப்போது அவருடைய மனதைப் படித்து வரிசையாக எடுத்து நீட்டுகிறது. நீங்கள் இதைப் பார்த்தீர்கள், ஆகவே இதையும் விரும்புவீர்கள் என்கிறது. விரும்புவீர்களாம்! அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஒரு படத்தை இருந்து பார்க்கும் பொறுமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்தப் படங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். பத்து நிமிடம் இருப்பேன், தேத்தண்ணி போட எழும்புவேன். திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன், உடுப்புக் காய்ந்ததா என்று பார்க்கப் போவேன். "ஒண்டில் இரு, இல்லாட்டிப் போ" என்று அண்ணன் திட்டுவார். இரண்டும் என்னால் ஏலாது. போனால் உள்ளே என்ன நடக்கிறதோ என்று அந்தரம், இருந்தால் எப்போது முடியும் என்று அந்தரம்.

பார்த்தவரையில் எனக்கு அந்தப் படங்களோடு கோபம் உண்டு. கெட்டவர்கள் இங்கிலீஷை ஜெர்மன்காரர் போலப் பேசுவார்கள், நல்லவர்கள் வானொலியில் செய்தி வாசிப்பவர்கள் போலப் பேசுவார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களின் பற்கள் பளிச்சென்று இருக்கும். ஆயிரமாயிரம் பேர் செத்துக்கொண்டிருக்க, கமெரா மட்டும் மனச்சாட்சியுள்ள ஒரு அதிகாரியின் கண்ணீரைத் தேடிக்கொண்டு போகும். கடைசியில் ஒருவர் தப்பிப் பனியில் நடப்பார், வயலின் உச்சத்துக்கு ஏறும், பார்த்தவர்களுக்கு ஏதோ தாங்களே ஓடிப்போய்க் காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும். தப்பாதவர்கள் அந்தத் திருப்திக்குச் செலவாகிப் போவார்கள். எல்லாப் படமும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். வயலினே இல்லாத படங்களும் உண்டு. அவற்றைப் பார்த்த நாட்களில் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

எங்கள் ஆட்களில் சிலருக்கு இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "எங்களுக்கும் இதுதானே நடந்தது" என்று சொல்வது பழக்கம். நான் சொல்லமாட்டேன். யூதர்களுக்கு நடந்தது அவர்களுக்கு நடந்தது. ஒரு இனத்தையே துடைத்து எடுக்கத் தொழிற்சாலை கட்டியவனோடு வேறு எதையும் வைத்து அளக்க எனக்கு மனம் வராது. அளக்காமலே, அடுத்தவர் வீட்டு நெருப்பில் நம்முடைய முகம் தெரிந்துவிடும் சில இடங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அண்ணனுக்கு அப்படி ஒரு இடம் இருந்தது. முகாம்களில் கைதிகளிலேயே ஒருவனைப் பிடித்து, கையில் ஒரு பட்டி கட்டி, ஒரு தடியும் கொடுத்து, மற்றக் கைதிகளை மேய்க்க விட்டிருப்பார்கள். அவனுக்குச் சாப்பாட்டில் ஒரு துண்டு பாண் கூடுதல். அடிக்காவிட்டால் அவனுக்கு அடி. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இந்தக் கைப்பட்டிக்காரன் வருவான். பெரிய வேடம் இராது. முகாம் கதவு திறக்கும் காட்சியில் மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது அவனைக் காணக்கிடையாது. படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"அந்தக் கைப்பட்டிக்காரனைப் பிறகு என்ன செய்தவை?"

யாரைக் கேட்கிறார் என்று தெரியாது. நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

என் மகள் ஃபாரஸ்ட் கேட்டில் சிநேகிதிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிப்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுக்கு வருவாள். ஒருநாள் மாமனுக்குப் பக்கத்தில் இருந்து படத்தை முழுக்கப் பார்த்தாள். கேள்வி வந்தது. அவள் தொலைபேசியில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"மாமா, அவன் கொலபரேட்டர். ஹி ஹாட் அ சொய்ஸ். ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னால் சுட்டிருப்பாங்கள்" என்றார் அண்ணன்.

"அப்ப சுட்டிருக்கட்டும். கன பேர் அப்பிடிச் சொல்லிச் செத்தவை, மாமா. அவைக்கு என்ன மரியாதை?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "வாயைப் பொத்து! இருந்த இடத்திலை இருந்துகொண்டு ஆருக்குச் சாவு எழுதுறாய்?" என்று கத்தினேன். என் கையில் இருந்த கரண்டியில் இருந்து குழம்பு கார்ப்பெட்டில் சிந்தியது. மகள் என்னையே பார்த்தாள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்காக அம்மா ஏன் இப்படி ஆடுகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அண்ணன் கார்ப்பெட்டைத் துடைக்கத் துணி தேடிப் போனார்.

அவளுக்குத் தெரியாதது இதுதான்.

ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைத்தால் ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லி வரிசையில் விடுவார்கள். வரிசையின் முன்னால் ஒரு ஜீப் நிற்கும். அதற்குள் தலையில் சாக்குப் போட்ட ஒரு ஆள் இருப்பான், கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராகப் போய் அவன் முன்னால் நிற்க வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் லொறியில் ஏற வேண்டும். தலையாட்டி என்பது அவனுக்குப் பெயர். அவனும் எங்கோ பிடிபட்டு அடிவாங்கிய எங்கள் ஆள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஆமிக்காரனைவிட அவனைத்தான் கூடத் திட்டுவோம்.

அப்படி ஒரு காலை. அண்ணனை அதற்குச் சில நாட்கள் முன்னர் வீதியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே என்று தெரியாது. பெண்கள் நாங்கள் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றோம். எனக்குப் பக்கத்தில் சின்னம்மா, எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, நின்றார். அவருடைய ஒரே மகன் வரிசையில் நின்றான். பள்ளிக்கூடம் முடித்துச் சோதனை முடிவுக்குக் காத்திருந்த பையன். சின்னம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அன்று ஜீப்பின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சாக்கு இடுப்புவரைதான் மறைக்கும். கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. வலது காலின் இரண்டாம் விரல் பெருவிரலின்மேல் ஏறிக் கிடந்தது. சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் விழுந்து உடைத்துக்கொண்ட விரல் அது. அந்த விரலை நான் ஆயிரம் கால்களுக்குள்ளும் கண்டுபிடிப்பேன். சின்னம்மாவின் கை என் மணிக்கட்டில் இருந்து நழுவியதை உணர்ந்தேன். வரிசை நகர்ந்தது. சின்னம்மாவின் மகன் போய் நின்றான். சாக்கு ஆடியது.

அவன் திரும்பி வரவில்லை. அண்ணன் வந்தார். விசாரித்துவிட்டு விட்டார்கள் என்றார்கள் வீட்டில். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வெகுவிரைவில் கொழும்புக்கும் பிறகு லண்டனுக்கும் அனுப்பிவிட்டார்கள். நான் கண்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என்ன சொல்லி, யாரிடம் சொல்வது?

அந்த நாளுக்குப் பிறகு அண்ணன் தலையாட்டியதை நான் கண்டதில்லை. எங்கள் சனம் பாதிக் கதையைத் தலையால்தான் கதைக்கும். அண்ணன் மட்டும் எதற்கும் வாய்திறந்து "ஓம்" என்பார், "இல்லை" என்பார். சோறு போடட்டா என்றால் ஓம். பல் டொக்டர் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டு நோகுதா என்று கேட்டாலும் ஒரு சத்தம் போட்டுத்தான் பதில். அண்ணி இருந்தபோது "உங்கடை அண்ணைக்குக் கழுத்தை இறுக்கிப் பூட்டிப்போட்டாங்கள்" என்று பகிடி பண்ணுவார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம், அண்ணனும் சிரிப்பார்.

சின்னம்மாவும் அவருடைய மகளும் வெகுகாலத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து குட்மேய்ஸில் குடியேறினார்கள். மகள் கலியாணம் கட்டவில்லை, தாயோடேயே இருந்தாள். சின்னம்மா தன் மகனுக்கு எந்தக் கிரியையும் செய்யவில்லை. செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லையே, எப்படிச் செய்வது? கோவிலில் அன்னதானம் பரிமாறும்போது அண்ணனைக் கண்டால் "தம்பி, வடிவாச் சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி போடுவார். அண்ணன் அதற்குப் பிறகு சின்னம்மா வராத நாட்களாகப் பார்த்துக் கோவிலுக்குப் போகத் தொடங்கினார்.

இந்த வருடம் குளிர் விடும் நேரத்தில் சின்னம்மா ஆஸ்பத்திரியில் இறந்தார்.

கலியாணத்துக்கு அழைப்பு வேண்டும், செத்தவீட்டுக்கு வேண்டாம். பகை இருந்தாலும் போய்த் தலையைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் முறை. ஆகவே அன்றைக்கே குட்மேய்ஸுக்குப் போக நான் சீலை மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் சின்னம்மாவின் மகளே எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுவேன், முறையும் அதுதான். கண் வீங்கியிருந்தது. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நேரே முன் அறைக்குப் போய் அண்ணனுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணை, கொள்ளி நீங்கள்தான் வைக்கவேணும்."

தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். மகன் இல்லாவிட்டால் மருமகன், பேரன். அந்த வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை. அடுத்தது பெறாமகன், தமக்கை தங்கை முறையானவர்களின் மகன். லண்டனில் சின்னம்மாவுக்கு இருந்த ஒரே பெறாமகன் என் அண்ணன். கொள்ளிக்குக் கேட்டு ஒருவன் மாட்டேன் என்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அண்ணன் ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அது ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணைக்குக் கவலை" என்றாள் தங்கச்சி. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நானா யோசிச்சுக் கேக்கேல்லை அக்கா. அம்மா ஆஸ்பத்திரியிலை வைச்சே சொல்லிப்போட்டா. வேற ஒருத்தரும் வேண்டாம், அவன்தான் வைக்கவேணும், அவனைத்தான் கேள் எண்டு. ரெண்டு மூண்டு தரம் சொன்னவ."

அவளை அனுப்பிவிட்டு நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மைதானத்தை மனதில் எத்தனையோ தரம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்றைப் பிழையாகவே ஓட்டி வந்திருக்கிறேன். மகனை லொறியில் ஏற்றியதால் சின்னம்மாவின் கை தளர்ந்தது என்றே நினைத்திருந்தேன். இல்லை. அவன் ஜீப்புக்கு முன்னால் வருவதற்கு முன்பே அந்தக் கை தளர்ந்துவிட்டது. நான் பார்த்த விரலைத்தான் அவரும் பார்த்தார். அண்ணன் சைக்கிளில் விழுந்த அன்று அந்த விரலுக்கு முதலில் துணி கட்டியவரே சின்னம்மாதான்.

தெரிந்துகொண்டுதான் கோவிலில் அந்த இன்னொரு கரண்டியும் விழுந்தது. தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் முழுக்க அண்ணன் இடுப்பைச் சாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு நிக்க ஏலாது எண்டு சொல்லு. குனிய ஏலாது எண்டு சொல்லு. ஆரும் பெடியனைப் பிடிக்கச் சொல்லு." ஐயருக்குச் சொல்ல வேண்டும், மண்டபத்துக்கு நேரம் குறிக்க வேண்டும், தங்கச்சி இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டாள். நான் வேலை செய்யும் டொக்டரின் கிளினிக்குக்குப் போய் ரிசெப்ஷனில் இருந்தேன். ஒருவருக்கும் ஒழுங்காக நேரம் கொடுக்கவில்லை. அரைநாளில் தலையிடி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் படம் போட்டிருந்தார், ஞாயிறே இல்லாத ஒரு கிழமை நாளில். எனக்கு வந்ததே கோபம்! ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினேன்.

"எழும்புங்கோ அண்ணை. நடக்கப் போவம். டொக்டர் நடக்கச் சொன்னவர்தானே."

வான்ஸ்டெட் புல்வெளிக்குப் போனோம். பெரிய வெளி, கோல் கம்பங்கள் மட்டும் நிற்கும், காற்று முகத்தில் அறையும். அண்ணன் மெதுவாக நடந்தார், நான் முன்னால் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அது தானாக வாயில் இருந்து விழுந்தது.

"அண்ணை, எனக்குத் தெரியும். அண்டைக்கு நான் வேலியடியிலை நிண்டனான். உங்கடை கால்விரலைக் கண்டனான்."

அவர் நின்றுவிட்டார். பிறகு பக்கத்தில் இருந்த வாங்கில் போய் இருந்தார். தன் சப்பாத்துகளைப் பார்த்தார், உள்ளே அந்த விரல் இப்போதும் தெரிகிறதா என்று பார்ப்பவர் போல. நான் இருக்கவில்லை, அவருக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தேன்.

"முதலிலை வந்த ஆக்களுக்கு நான் ஆட்டேல்லை" என்றார். "துவக்குப் பிடியாலை முதுகிலை இடிச்சாங்கள். இனி ஆட்டேல்லையெண்டால் உன்னைத்தான் லொறியிலை ஏத்துவம் எண்டாங்கள். இவனுக்கு ஆட்டு, இவனை விடு எண்டு தெரிவுசெய்ய எனக்கு மனம் வரேல்லை. அது பெரிய பாவம் எண்டு நினைச்சன். அதாலை கண்ணை மூடிக்கொண்டன். சாக்குக்குள்ளை கண்ணை மூடினால் ஆருக்குத் தெரியும்? நினைச்ச நேரம் ஆட்டினன், நினைச்ச நேரம் விட்டன். ஆர் வாறதெண்டு தெரியாமல் ஆட்டினால் அது நான் செய்ததில்லை எண்டு நினைச்சன்."

காற்றில் அவருடைய குரல் அறுந்து அறுந்து வந்தது.

"அவன்ரை குரல் கேட்டுது. லொறியிலை ஏத்தேக்கை அம்மா எண்டு கூப்பிட்டவன். அப்பதான் கண்ணைத் திறந்தன். பிள்ளை, கண்ணைத் திறந்து வைச்சிருந்தால் அவனை விட்டிருப்பன். அவன் ஒருத்தனையாவது விட்டிருப்பன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. என் அண்ணன். லொறியில் ஏறியவனும் எனக்குத் தம்பி. இரண்டையும் நான் செய்யவில்லை. சொல்ல வேண்டியதில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

"சின்னம்மாவும் கண்டவ" என்றேன். "என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலைதான் நிண்டவ. அவவுக்கு எல்லாம் தெரியும் அண்ணை. தெரிஞ்சுதான் உங்களைக் கேக்கச் சொன்னவ."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் முன்னர் பார்த்ததில்லை.

"மன்னிச்சிட்டாவோ?"

"தெரியேல்லை."

"இல்லாட்டி... மகன் செய்யவேண்டியதை நீ செய், செய்துபோட்டு மிச்சக் காலம் அதோடை இரு எண்டு சொல்லுறாவோ?"

"தெரியேல்லை அண்ணை. எனக்கு உண்மையாத் தெரியேல்லை."

படமாக இருந்தால் இந்த இடத்தில் சின்னம்மா எழுதி வைத்த கடிதம் ஒன்று வரும், யாரோ அதை வாசிப்பார்கள், வயலின் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அண்ணன் வாங்கைப் பிடித்து எழும்பினார். வீட்டு வாசலுக்கு வந்து திறப்பைத் தேடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சிக்கு ஓம் எண்டு சொல்லு."

செத்தவீட்டன்று அண்ணன் மீசையை எடுத்துவிட்டு வேட்டியோடு நின்றார். மண்டபத்தில் கிரியைகள் ஒழுங்காக நடந்தன. ஐயர் சொன்ன இடத்தில் இருந்தார், சொன்ன நேரம் எழும்பினார், பொற்சுண்ணம் இடிக்கும்போது உலக்கையைப் பிடித்தார். இடுப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. என் மகள் பின்வரிசையில் இருந்து எழும்பி வந்து மாமனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மாவின் முகத்தை மட்டும் அண்ணன் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடும்போதும் கண் மூடியே இருந்தது. சனம் அதைக் கவலை என்று எடுத்துக்கொண்டது.

ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. லண்டனில் எல்லாரும் கோச் பஸ்ஸில் ஏறிப் போகிறோம். கிரமட்டோரியத்தில் கடைசி அறைக்குள் மட்டும் நாலைந்து பேருக்கு மேல் விடமாட்டார்கள். ஐயர், அண்ணன், தங்கச்சி, நான் உள்ளே போனோம். சுவரில் இரும்புக் கதவு, அதற்கு முன்னால் பெட்டி. அங்கே வேலை செய்யும் வெள்ளைக்காரர் கறுப்பு டை கட்டிய தன்மையான மனிதர். இங்கே கொள்ளி என்பது கதவருகில் இருக்கும் ஒரு பொத்தான், அண்ணன் அதற்குக் கை நீட்டாமல் நிற்பதைக் கண்டுவிட்டார். பொத்தானை அழுத்த வேண்டாம் ஐயா, அதை நான் செய்கிறேன் என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். நீங்கள் ஆயத்தமானதும் எனக்கு ஒரு தரம் தலையை ஆட்டிக்காட்டினால் போதும் என்றார்.

நான் அண்ணனுடைய கழுத்தைப் பார்த்தேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த மனிதர் காத்திருந்தார், காத்திருப்பது அவருடைய தொழில்.

"ஓம்" என்றார் அண்ணன்.

காலமெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று யெஸ் யெஸ் என்று சொன்னவருக்கு அந்த நேரத்தில் அந்தச் சொல் வரவில்லை. வெள்ளைக்காரருக்கு ஓம் என்றால் என்னவென்று தெரியாது. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு இன்னும் மரியாதையாக நின்றார். "ஓம்" என்றார் அண்ணன் மறுபடியும். ஐயர் குனிந்து, "தலையை ஆட்டுங்கோ தம்பி, அவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றார்.

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள். தாயின் அதே பிடி. அவளுக்கு எவ்வளவு தெரியும், தாய் எவ்வளவு சொல்லிவிட்டுப் போனார் என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார், பிறகு தங்கச்சியைப் பார்த்தார். அவளைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

இரும்புக் கதவு திறந்து பெட்டி உள்ளே போய் முடியும்வரை அவர் கண்ணை மூடவில்லை. என் மணிக்கட்டில் இருந்த கை தளரவில்லை.